ஜனாதிபதியின் முதுகுவலி

அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடி பெற்ற மகனைத் தூக்கவும் முடியாமல் தவித்தவர்!

இளமையிலேயே அவருக்கு முதுகுவலி உண்டு. 1943-ல் யுத்தத்தின்போது ஜப்பானியக் கப்பல் மோதி அவருடைய படகு பிளந்தது. காயம்பட்ட தோழரை இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக நீந்தினார். வலி முற்றியது. 1944 முதல் 1957 வரை 4 தடவை ஆபரேஷன். ஒருமுறை உயிருக்கே ஆபத்து வந்தது. வலி மட்டும் போகவில்லை.

1961 மே மாதம் கனடாவில் மரக்கன்று நட்டார். மண்ணை அள்ளும்போது முதுகு பிடித்துக்கொண்டது. ஜனாதிபதி ஊன்றுகோலோடு நடந்தார்.

அக்டோபரில் டாக்டர் ஹான்ஸ் கிராஸ் வந்தார். வயிற்றுத் தசைகளைச் சோதித்தார். அவை வலுவிழந்து கிடந்தன. கூடாரக் கம்பத்தை நாலு பக்கமும் கயிறு இழுத்துப் பிடிக்கிறது அல்லவா? முதுகெலும்பை அப்படிப் பிடிப்பவை வயிறு, இடுப்புத் தசைகள். கயிறு தளர்ந்தால் கம்பம் ஆடும்.

வெள்ளை மாளிகையிலேயே வாரம் 3 நாள் தேகப்பயிற்சி தொடங்கியது. முதலில் இறுகிய தசையை இளக்கினார்கள். பிறகு மெல்ல மெல்ல வலுவேற்றினார்கள். சில மாதங்களில் வலி குறைந்தது. குழந்தைகளோடு விளையாட முடிந்தது.

இடுப்பை இறுக்கும் பட்டியைக் கழற்றத்தான் கென்னடிக்கு மனம் வரவில்லை. தசை தன் வேலையைத் தானே செய்யட்டும் என்பது டாக்டரின் கட்சி. 1963 நவம்பர் 22-ல் டல்லாஸ் நகரில் சுடப்பட்டபோதும் அந்தப் பட்டி அவர் இடுப்பில் இருந்தது.