மார்ட்டின் லூதர்

ஊரார் ஒப்பிய வழியே ஒழுகுதல் யாவர்க்கும் எளிது. ஊரும் உலகும் ஒருபுறம் நிற்க, தம் மனச்சான்று காட்டிய மறுபுறத்தே தனித்து நிற்றல் சிலர்க்கே இயலும். அச்சிலருள் ஒருவர் ஜெர்மானியத் துறவியாகிய மார்ட்டின் லூதர். கிறித்தவ சமய வரலாற்றில் நிகழ்ந்த பெருந்திருப்பங்களுள் ஒன்று இவர் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கின்றது.

பிறப்பும் கல்வியும்

லூதர் 1483-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் ஐஸ்லேபன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஹான்ஸ், செப்புச் சுரங்கத் தொழிலில் அரும்பாடுபட்டு முன்னேறியவர். தம் மைந்தன் சட்டம் பயின்று சீரும் சிறப்பும் எய்த வேண்டும் என்பது அவர் வேட்கை. பள்ளியிற் பயின்ற நாளில், அக்கால வழக்கப்படி வீடு வீடாகச் சென்று பாடி உணவு பெற்றதும் உண்டு. 1501-ஆம் ஆண்டில் எர்பர்ட் பல்கலைக் கழகத்திற் சேர்ந்த லூதர், 1505-இல் முதுகலைப் பட்டம் பெற்றுச் சட்டக் கல்வியைத் தொடங்கினார்.

அவ்வாண்டு சூலைத் திங்களில், பெற்றோரைக் கண்டு எர்பர்ட்டுக்கு மீண்டுகொண்டிருந்தபோது வழியிலே பெரும்புயல் எழுந்தது. அருகில் இடி விழுந்தது. சாவு கண்முன்னே தோன்றக் கண்ட லூதர், உயிர் பிழைத்தால் துறவு பூணுவதாகப் புனித அன்னாளை வேண்டிக்கொண்டார். சொன்ன சொல்லினின்று அவர் பிறழவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் எர்பர்ட்டிலிருந்த அகஸ்தீன் சபை மடத்திற் புகுந்தார். தந்தையார் கொண்ட சினம் பல ஆண்டுகள் தணியவில்லை.

அமைதி தேடிய உள்ளம்

மடம் புகுந்தும் மன அமைதி வாய்க்கவில்லை. உண்ணா நோன்பிருந்தார், உறக்கம் நீத்தார், குளிரில் உடலை வருத்தினார். சிறு பிழையும் விடாது எண்ணி எண்ணி, மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தார். ஆயினும், கடவுளை அவர் கடுஞ்சினங் கொண்ட நீதிபதியாகவே கண்டு நடுங்கினார். அச்சபைத் தலைவருள் ஒருவராகிய ஸ்டாப்பிட்ஸ் என்பார், நோய்க்கேற்ற மருந்தறிந்த மருத்துவரைப் போல, அவரை மறைநூலாராய்ச்சியில் ஈடுபடுத்தினார். 1512-இல் லூதர் விட்டன்பர்க் பல்கலைக் கழகத்தில் விவிலியப் பேராசிரியரானார்.

பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தை ஆராய்ந்தபோது அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. மனிதன் தன் நற்செயல்களை விலையாகக் கொடுத்து இறைவனருளை வாங்குவதில்லை. அஃது இறைவன் வழங்கும் கொடை. நம்பிக்கை என்னும் கையால் அதனை ஏற்பதே மனிதன் செய்யத்தக்கது. இத்தெளிவு பிறந்ததும் நெடுநாளைய அச்சம் அவரை விட்டு அகலலாயிற்று.

பாவமன்னிப்புச் சீட்டு

அந்நாளில் உரோம் நகரத்தில் புனித பேதுரு பெருங்கோயில் புதிதாகக் கட்டப்பட்டு வந்தது. அதற்குப் பொருள் திரட்ட, பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் வழங்கப்பட்டன. ஜெர்மனியில் திரண்ட பணத்தில் ஒரு பாதி கோயிற் பணிக்கும், மறுபாதி மைன்ஸ் நகரத்துப் பேராயர் வட்டிக்கடைக்காரரிடம் பட்டிருந்த கடனைத் தீர்ப்பதற்கும் சென்றன. தெத்செல் என்னும் துறவி ஊர்தோறும் சென்று இச்சீட்டுகளை விற்றார். இறந்த பெற்றோரின் துன்பமும் பணங்கொடுத்தால் நீங்கும் என்று கேட்ட ஏழை மக்கள், அரைவயிற்றுக் கூழுக்கு வைத்திருந்த காசையும் கொண்டுபோய்க் கொடுத்தனர்.

லூதரிடம் பாவ அறிக்கை செய்ய வந்தவர்கள், மனந்திருந்தாமலே சீட்டை மட்டும் காட்டி மன்னிப்பு வேண்டினர். இதனைக் கண்டு அவர் உள்ளம் கொதித்தது. 1517-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், இவ்வழக்கத்தை வினாவும் 95 கருத்துரைகளை இலத்தீன் மொழியில் எழுதிப் பேராயருக்கு அனுப்பினார். அவற்றை விட்டன்பர்க் கோயிற் கதவில் அறைந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அறிஞர் அவையில் வாதிடுவதற்கென்றே அவர் அவற்றை எழுதினார். திருச்சபையைப் பிளத்தல் அவர் நோக்கமன்று. ஆயினும், குட்டன்பர்க் தொடங்கி வைத்த அச்சுத்தொழில் அக்கருத்துகளைச் சில திங்களில் ஐரோப்பா எங்கும் பரப்பியது.

வொர்ம்ஸ் பேரவை

வாதம் வளர்ந்தது. போப்பாண்டவர் பத்தாம் லியோ, 60 நாளுக்குள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என ஆணை விடுத்தார். லூதர் 1520 திசம்பர் 10-ஆம் நாள் அவ்வாணையைத் தீயிலிட்டார். 1521 சனவரியில் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். பின்னர்ப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், வொர்ம்ஸ் நகரில் கூடிய பேரவைக்கு அவரை அழைத்தார். பாதுகாப்பு முறி கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால், அத்தகைய முறியை நம்பிச் சென்ற ஜான் ஹஸ் என்பார் 1415-இல் உயிரோடு எரிக்கப்பட்டதை நண்பர்கள் நினைவூட்டித் தடுத்தனர். லூதர் தயங்கவில்லை.

1521 ஏப்பிரல் 17-ஆம் நாள் அவைமுன் நிறுத்தப்பட்டார். அவர் எழுதிய நூல்கள் மேசைமேற் குவிந்து கிடந்தன. அவற்றிற் கூறியவற்றை மறுக்கின்றாரா என்று வினவப்பட்டது. அவர் ஒரு நாள் தவணை வேண்டினார். மறுநாள், மன்னரும் குருமாரும் நிறைந்த அவையில், மறைநூலாலோ தெளிந்த அறிவாலோ தம் பிழை மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் தாம் எதனையும் மறுக்க இயலாதென்றும், மனச்சான்றுக்கு மாறாக ஒழுகுதல் தகாதென்றும் உறுதியாக உரைத்தார். சுரங்கத் தொழிலாளியின் மகன் பேரரசர் முன்னிலையில் உரைத்த அம்மறுமொழி, உலக வரலாற்றில் நிலைத்துவிட்டது.

தாய்மொழியில் மறைநூல்

பேரரசர் அவரைச் சட்டக் காப்பற்றவராக அறிவித்தார். ஊர் திரும்பும் வழியில் குதிரை வீரர் சிலர் அவரைக் கவர்ந்து சென்றனர். அவர்கள் பகைவரல்லர், சாக்சனி மன்னர் பிரடெரிக்கின் ஏவலரே. வார்ட்பர்க் கோட்டையில், தாடி வளர்த்து வேற்றுப் பெயர் பூண்டு மறைந்திருந்த லூதர், கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைப் பதினொரு வார அளவில் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். அது 1522 செப்டம்பரில் வெளிவந்தது. திசம்பரிலேயே மறுபதிப்புத் தேவையாயிற்று.

முன்னரும் ஜெர்மன் மொழிபெயர்ப்புகள் இருந்தன. ஆனால் அவை இலத்தீன் நடையைச் சுமந்து, பொதுமக்கட்கு விளங்காது நின்றன. லூதரோ வீட்டில் தாயும், தெருவிற் சிறுவரும், சந்தையில் ஏழையும் எவ்வாறு பேசுகின்றனர் என்று செவி கொடுத்தார். பலிப்பொருள்களைக் குறிக்கும் சொற்களை அறிய, ஆட்டின் உறுப்புகளை இறைச்சிக் கடைக்காரரிடம் கேட்டறிந்தார். ஒரு சொல்லின் பொருட்டு வாரக்கணக்கில் தோழரோடு ஆராய்ந்ததும் உண்டு. 1534-இல் விவிலியம் முழுவதும் வெளியாயிற்று. சிதறிக் கிடந்த ஜெர்மன் வழக்குகளுக்கு இடையே பொதுநடை ஒன்று வேரூன்ற அந்நூல் பெருந்துணை செய்தது. ஆண் பெண் இருபாலர்க்கும் பள்ளிகள் வேண்டும் எனவும் அவர் நகரத் தலைவர்களை வற்புறுத்தினார்.

நிறையும் குறையும்

1525-இல் காத்தரீன் வான் போரா என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டிலே உழவர் கிளர்ச்சி உச்சநிலை எய்தியது. லூதர் கிளர்ச்சியாளரை ஈவிரக்கமின்றி அடக்குமாறு எழுதினார். உழவர் பல்லாயிரவர் மடிந்தனர். 1543-இல் யூதர்மீது கொடுஞ்சொற்களைப் பெய்து நூல் எழுதினார். பிற்காலத்து லூதரன் திருச்சபைகள் அதனை வெளிப்படையாகக் கண்டித்து விலக்கின. தம் மனச்சான்றின் உரிமைக்காக நின்றவரே பிறர் உரிமையை மறந்தமை வருந்தத்தக்கது. திங்களிலும் களங்கம் உண்டன்றோ!

1546 பிப்ரவரி 18-ஆம் நாள், உடன்பிறந்தார் சிலரிடையே எழுந்த சொத்து வழக்கைத் தீர்க்கச் சென்றவிடத்து, தாம் பிறந்த ஐஸ்லேபனிலேயே லூதர் உயிர் நீத்தார். அவர் மூட்டிய இயக்கத்தால் மேலைத் திருச்சபை இரண்டுபட்டது, போர்களும் விளைந்தன. கத்தோலிக்கத் திருச்சபையும் திரெந்து நகரிற் பேரவை கூட்டித் தன் குறைகளைக் களைந்தது. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், இறையருளால் மனிதன் ஏற்கப்படுதலைப் பற்றி லூதரன் சபையாரும் கத்தோலிக்கரும் ஆக்சுபர்க் நகரில் உடன்பாடு செய்துகொண்டனர்.

மக்கள் தம் மொழியிலேயே மறைநூலைக் கற்றல் வேண்டும் என்னும் லூதரின் கொள்கை தமிழகத்திற்கும் வந்தது. அவர் வழியினரான சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அங்கே அச்சேறி முடிந்தது. விட்டன்பர்க்கில் இட்ட வித்துத் தமிழ் மண்ணிலும் இவ்வாறு முளைத்தது. அஞ்சாது ஆராய்தலும், ஆராய்ந்து கண்ட உண்மையை எளிய மக்களின் மொழியில் எடுத்துரைத்தலும் லூதர் வாழ்வு கற்பிக்கும் பாடமாகும்; தம் கருத்தில் உறுதியுடையோர் பிறர்பால் இரக்கமும் உடையராதல் வேண்டும் என்பது அவர்தம் குறை கற்பிக்கும் பாடமாகும்.