பழைய கணினிக்கும் தமிழ் தந்தவர்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. நன்றாக இயங்கும் கணினிகள் பலவும் விண்டோஸ் 11-க்குரிய வன்பொருள் தகுதி இல்லாதவை. புதிய கணினி வாங்குவதே வழி என்ற அறிவுரை எங்கும் கேட்கிறது. அதைக் கேட்கும்போது அதிராம்பட்டினம் உமர் தம்பியை நினைத்துக்கொள்கிறேன்.

1953-இல் பிறந்த அவர், மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் துறையிலிருந்து கணினிக்கு வந்தவர். துபாயில் பல ஆண்டுகள் பணியாற்றி ஊர் திரும்பியபின் தமிழ்க் கணிமைக்கே உழைத்தார்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருங்குறித் தமிழ் இணையத்தில் பரவத் தொடங்கியது. அன்று பரவலாக இருந்த விண்டோஸ் 98-இல் அதற்குரிய எழுத்துரு இல்லை. தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. எழுத்துரு கிடைத்தாலும் சிக்கல் தீராது. ஒருங்குறியில் 'கெ' என்பது முதலில் ககரமாகவும் அடுத்து கொம்பாகவும் பதிவாகும். திரையிலோ கொம்பு முன்னால் வரவேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் கூறு இல்லாத இடத்தில் சொற்கள் சிதைந்தன.

இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 5-ஆம் பதிப்பு முதல் அந்தக் கூறு உலாவியோடு வந்தது. எஞ்சிய குறை எழுத்துரு. அதற்காக உமர் தம்பி உருவாக்கியதே 'தேனீ' இயங்கு எழுத்துரு. வலைப்பக்கமே எழுத்துருவைச் சுமந்து வரும். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பதிவர்கள் தங்கள் பக்கத்தில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். 'வைகை' என்ற எழுத்துருவையும் அவர் தந்தார். இரண்டும் இலவசம். சுருளியாற்றுக் கரையிலுள்ள சுருளிப்பட்டிக்காரனான எனக்கு அப்பெயர்கள் உறவுப் பெயர்களாகவே ஒலிக்கின்றன.

அவர் செய்ததில் நான் பெரிதாக மதிப்பது, சுமையை இடம் மாற்றியதைத்தான். கணினியை மாற்று என்று வாசகரிடம் சொல்லாமல், பக்கத்தை வெளியிடுபவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். வசதி குறைந்த வாசகரும் தமிழ் படிக்க முடிந்தது.

2006 ஜூலை 12 அன்று, 53-ஆம் வயதில் அவர் மறைந்தார். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இயங்குதளங்களும் தமிழை இயல்பாகக் காட்டத் தொடங்கின; இயங்கு எழுத்துருவின் தேவை மறைந்தது.

ஆனால் அவர் எதிர்கொண்ட கேள்வி மறையவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயி, பழைய கைப்பேசியில் அரசுச் செயலியைத் திறக்கிறார். அது பாதியில் நின்றுபோனாலோ, இப்பதிப்பில் இயங்காது என்று மறுத்தாலோ, அவர் இழப்பது ஒரு நாள் கூலியையும் சில வேளை ஒரு மானியத்தையும். ஆகவே, பொதுச் சேவைக்கான ஒவ்வொரு செயலியும் மக்கள் கையில் உள்ள பழைய கருவிகளில் சோதிக்கப்பட்ட பின்னரே வெளியாக வேண்டும். இயலாத இடத்தில், எளிய வலைப்பக்கம் ஒன்றாவது மாற்றுவழியாக இருக்கவேண்டும். உமர் தம்பிக்கு அரசு செய்யக்கூடிய பொருத்தமான மரியாதை அதுவே.