ஒலியின் இயல்பு கண்ட இறேலி பிரபு

பேலியகொடைக்கு எதிரே, களனி கங்கையின் தென்கரையில், களனிதிஸ்ஸ மின்னிலையத்தில் நிறுவப்பெற்றவை போன்ற வாயுச் சுழலிகளின் எரியறை முழக்கத்தை ஆராய்வோர் இறேலி பிரபுவை மறத்தற்கில்லை. 1842 இல் இங்கிலாந்தில் தோன்றிய அவர், வாதக் காய்ச்சலால் நலிவுற்று 1872 இல் எகிப்து சென்றார். நைல் நதிப் படகிலே ‘ஒலிக் கொள்கை’ என்னும் பெருநூலைத் தொடங்கினார். நோய் தந்த ஓய்வு வீண்போகவில்லை. வாயு நெருங்கும் வேளையில் வெப்பஞ் சேரின் ஒலி வளரும், விரியும் வேளையிற் சேரின் தளரும் என 1878 இல் விளக்கினார். மிதமிஞ்சி வளரும் அதிர்வு எரியறையையே சிதைக்க வல்லது. ஆகன் வாயுவைக் கண்டதற்காக 1904 இல் நோபெல் பரிசு பெற்று, 1919 இல் மறைந்தார்.

சீராக எரியாத வாயுவின் வெப்பத் திட்டுகள் ஓசையின்றி மிதந்து சென்று, சுழலியின் ஒடுங்கிய வாயிலில் விரைவுறுகையில் ஒலியலைகளை எழுப்புவதைப் பின்வந்தோர் கண்டனர். அவ்வலை திரும்பித் தீயைக் கலைக்குமாயின், அதிர்வு வளர்வதும் தளர்வதும் இறேலியின் விதிப்படியே.