பாரசீகப் பேரரசி அட்டோசா

நுழையும்முன்

அரியணையில் அமர்ந்து நாடாண்டவர்களின் வரலாற்றை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அரியணையில் அமராமலே ஆட்சியின் போக்கை மாற்றியவர்களும் உண்டு. அத்தகைய அரசி ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இன்றைய ஈரான் நாட்டின் தென்பகுதி பழங்காலத்தில் பாரசீகம் எனப்பட்டது. அங்குத் தோன்றிய மன்னர் சைரஸ், அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக வென்று பேரரசு ஒன்றை உருவாக்கினார். கி.மு. 539இல் புகழ்பெற்ற பாபிலோன் நகரும் அவர் வசமாயிற்று. அவருடைய மகளே அட்டோசா. சைரஸுக்குக் காம்பிசஸ், பர்தியா என்னும் ஆண்மக்கள் இருவரும் இருந்தனர்.

கி.மு. 530இல் சைரஸ் இறந்தபின் காம்பிசஸ் முடிசூடினார். அவர் தம் உடன்பிறந்தவரான அட்டோசாவையே மணந்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். இன்று இது நமக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் பழங்கால அரச குலங்கள் சிலவற்றில் இவ்வழக்கம் இருந்தது. கி.மு. 525இல் காம்பிசஸ் எகிப்தை வென்றார். ஆனால், அவர் மீண்டும் பாரசீகத்திற்கு வந்து சேரவில்லை; கி.மு. 522இல் திரும்பும் வழியிலேயே இறந்தார்.

அதற்கு முன்பே, நானே பர்தியா என்று கூறிக்கொண்டு ஒருவர் அரியணை ஏறியிருந்தார். உண்மையான பர்தியாவைக் காம்பிசஸ் முன்னரே மறைவாகக் கொன்றுவிட்டார் என்றும், அரியணை ஏறியவர் கௌமாதா என்னும் சமயகுரு என்றும் பிற்காலத்தில் ஒரு கல்வெட்டு கூறியது. உடன்பிறந்தவரை அட்டோசா எளிதில் அடையாளம் காண்பார் அல்லவா? ஆகவே, புதிய மன்னர் அரண்மனைப் பெண்களைத் தனித்தனியே பிரித்து வைத்தார். அவர்கள் ஒருவரோடொருவர் பேசவும் இயலவில்லை.

ஒதானஸ் என்னும் பெருமகனாருக்கு ஐயம் எழுந்தது. அரண்மனையில் வாழ்ந்த தம் மகள் பைதைமைக்கு அவர் செய்தி அனுப்பி, அட்டோசாவிடம் உண்மையைக் கேட்டறியச் சொன்னார். அட்டோசாவைக் காணவே வழியில்லை என்று மறுமொழி வந்தது. பழைய குற்றம் ஒன்றுக்காகக் காதுகள் அறுக்கப்பட்ட ஒருவரே இவ்வாறு வேடமிட்டிருக்கலாம் என ஒதானஸ் எண்ணினார். தந்தையின் சொற்படி அம்மகள், மன்னர் உறங்கும்போது அவர் தலையைத் தடவிப் பார்த்தார். காதுகள் இல்லை! உண்மை வெளிப்பட்டது. ஒதானஸும் டேரியஸும் மற்றும் ஐவரும் ஒன்றுகூடிப் போலி மன்னரைக் கொன்றனர். அட்டோசா பேசக்கூடாது என்பதற்காக அரண்மனையையே பிரித்துவைத்தது, அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பை நமக்கு உணர்த்துகிறது.

அடுத்து டேரியஸ் மன்னரானார். அவர் சைரஸின் மகனும் அல்லர், பேரனும் அல்லர். எனவே நாட்டின் பல பகுதிகளில் கிளர்ச்சிகள் எழுந்தன. அவற்றை அடக்கிய வரலாற்றை அவர் பெகிஸ்தூன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் பொறித்தார். கௌமாதாவைப் பற்றிய செய்தி அக்கல்வெட்டிலேயே உள்ளது. வாளால் பெற்ற ஆட்சிக்கு உரிமையும் வேண்டுமல்லவா? சைரஸின் மகளான அட்டோசாவை மணந்ததால் அவ்வுரிமை டேரியஸுக்குக் கிட்டியது. அவருடைய ஆட்சி நம் சிந்து ஆற்றங்கரை வரை பரவியது. சூசா நகரில் அவர் கட்டிய அரண்மனைக்கு நம் நாட்டிலிருந்தும் தந்தம் சென்றது.

அரசியாக வாழ்ந்த காலத்தில் அட்டோசாவின் மார்பில் ஒரு கட்டி தோன்றியது. நாணத்தால் அவர் அதை எவரிடமும் சொல்லவில்லை. கட்டி பரவியபோதுதான் டெமோசிடிஸ் என்னும் கிரேக்க மருத்துவரை அழைத்தார். சிறைக்கைதியாக வந்த அம்மருத்துவர், டேரியஸின் கணுக்காலைக் குணப்படுத்திப் புகழ் பெற்றவர். செல்வம் பல கிடைத்தும், தாய்நாடு திரும்பவே அவர் உள்ளம் ஏங்கியது. நோயைத் தீர்த்தால் தாம் கேட்பதைச் செய்ய வேண்டும் என்று அரசியிடம் உறுதி பெற்றார். நோயும் தீர்ந்தது.

அட்டோசா சொன்ன சொல் தவறவில்லை. இளமையும் வலிமையும் உள்ள மன்னர் கிரேக்க நாட்டை வெல்ல வேண்டும் என்று டேரியஸிடம் எடுத்துரைத்தார். அந்நாட்டைப் பற்றி அறிந்துசொல்ல டெமோசிடிஸே தக்கவர் என்றும் கூறினார். மன்னர் இசைந்தார். பாரசீகர் பதினைவரோடு டெமோசிடிஸ் கப்பலேறிச் சென்றார். கிரேக்கக் கரைகளை அவர்கள் ஆராய்ந்து குறித்தனர். தம் சொந்த ஊரான குரோட்டனை அடைந்ததும் மருத்துவர் தப்பி அங்கேயே தங்கிவிட்டார். பிற்காலப் போர்களுக்குக் காரணங்கள் பல உண்டு. எனினும், பாரசீகரின் ஒற்றர்கள் முதன்முதலில் கிரேக்கம் சென்றது இவ்வாறே என்கிறார் ஹெரோடோட்டஸ்.

டேரியஸுக்கு முதுமை வந்தது. அடுத்த மன்னர் யார் என்னும் வழக்கு எழுந்தது. முதல் மனைவியின் மகன் அர்தோபசானஸ் வயதில் மூத்தவர். அட்டோசாவின் மகன் செர்க்சஸோ, டேரியஸ் மன்னரானபின் பிறந்தவர், சைரஸின் பேரன். டேரியஸ் செர்க்சஸையே தேர்ந்தார். அட்டோசாவின் செல்வாக்கே இதற்குப் போதுமானதாக இருந்தது என்பது ஹெரோடோட்டஸின் கருத்து. கி.மு. 486இல் செர்க்சஸ் முடிசூடினார்.

கி.மு. 480இல் செர்க்சஸ் பெரும்படையுடன் கிரேக்கத்தின் மீது படையெடுத்தார். அட்டோசாவின் மற்ற மகன்களும் அப்படையில் தலைமை ஏற்றனர். பருத்தி ஆடை அணிந்த இந்திய வில்வீரர்களும் அதில் இருந்தனர். ஆயினும், சாலமிஸ் கடற்போரில் பாரசீகக் கப்பற்படை சிதைந்தது. முன்னொரு நாள் தாம் விரும்பிய போர், மகனின் காலத்தில் இத்தகைய தோல்வியில் முடிந்தது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 472இல், ஏதென்ஸ் நகரில் ஒரு நாடகம் அரங்கேறியது. அதை எழுதிய எஸ்கிலஸ், மாரத்தான் போரில் பாரசீகரை எதிர்த்து நின்றவர். அவர் தம் நாட்டின் வெற்றியைப் பாடிக் களிக்கவில்லை. தோல்விச் செய்தியைக் கேட்டு வருந்தும் செர்க்சஸின் தாயை மேடையில் நிறுத்தினார். பகைவரின் தாய்க்காகவும் ஏதென்ஸ் மக்கள் மனம் இளகும் வண்ணம் அந்நாடகத்தைப் படைத்தார்.

கடிதம் எழுதும் வழக்கத்தைத் தொடங்கியவர் அட்டோசாவே என்று கெல்லானிகஸ் என்னும் கிரேக்க எழுத்தாளர் கூறினார். அட்டோசாவுக்கு முன்பே உலகில் கடிதங்கள் இருந்தன. எனினும், எழுத்தின் வலிமை அறிந்த அரசியாகக் கிரேக்கர் அவரை எண்ணினர் என்பது இதனால் விளங்கும்.

பாரசீக மன்னர்களின் கல்வெட்டுகளில் அட்டோசாவின் பெயர் இல்லை. டேரியஸ் தம்மைத் தேர்ந்ததைக் கல்லில் பொறித்த செர்க்சஸும் தாயின் பெயரைப் பொறிக்கவில்லை. ஆனால், சைரஸின் மகள், டேரியஸின் மனைவி, செர்க்சஸின் தாய் என்னும் மூன்று உறவுகளால் அப்பேரரசைத் தொடர்ந்து இணைத்தவர் அவரே. கல்வெட்டுகள் சொல்லாத அவ்வரலாற்றை, எதிரி நாட்டாரின் ஏடுகள் காத்து நமக்குத் தந்துள்ளன.

மதிப்பீடு

1. போலி மன்னர் அரண்மனைப் பெண்களைப் பிரித்து வைத்தது ஏன்?
2. அட்டோசாவை மணந்ததால் டேரியஸ் பெற்ற நன்மை யாது?
3. டெமோசிடிஸுக்கு அளித்த சொல்லை அட்டோசா எவ்வாறு காத்தார்?
4. சிந்தனை வினா: பகைநாட்டு அரசியின் துயரை எஸ்கிலஸ் நாடகமாக்கியது பற்றி நீ என்ன கருதுகிறாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.