காலில் உறைந்த இரத்தமும் விர்ச்சோவின் அறிக்கையும்

போர்க் காயத்தோடு மாதக்கணக்கில் பாயில் கிடந்தவர்களைப் படுவான்கரை அறியும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் எண்ணெய் பூசி உருவிவிடுவார்கள். அது உயிராபத்தாகலாம். காரணத்தை 1840களிலேயே விளங்கிக்கொண்டவர் ருடொல்ஃப் விர்ச்சோ.

1821இல் பிரஷ்யாவில் பிறந்தவர். பேர்லின் ஷாரிட்டே வைத்தியசாலையில் இறந்தோரின் உடல்களைப் பரிசோதித்து வந்தார். நுரையீரல் குழாயை அடைத்த இரத்தக்கட்டி பலவேளை அங்கே உருவானதல்ல, கால் நாளத்தில் உறைந்து, பெயர்ந்து, இரத்தத்தோடு மேலே வந்தது என்று காட்டினார்.

1848இல் அரசு அவரை மேல் சிலேசியாவுக்கு அனுப்பியது. அங்கே போலிஷ் மொழி பேசும் ஏழைகள் பட்டினியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து யோசனைகளை எதிர்பார்த்த அரசிடம் அவர் சுயாட்சி கேட்டார், கல்வி கேட்டார், போலிஷ் மொழிக்கு அரசகரும அந்தஸ்தும் கேட்டார். (நமக்குப் பழக்கமான கோரிக்கைகள்தான்.) திரும்பி வந்து பேர்லின் புரட்சியிலும் நின்றார். மறுவருடம் ஷாரிட்டே பதவி பறிபோனது. 1856இல் அதே பேர்லின் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

1902 ஜனவரியில் ட்ராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடையெலும்பு முறிந்தது. செப்டம்பர் 5ஆம் திகதி காலமானார். வயது 80.

எலும்பு முறிந்தவர், சத்திரசிகிச்சை முடிந்தவர், பிள்ளை பெற்ற தாய் ஆகியோருக்கு ஒரு கால் வீங்கினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உருவக்கூடாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வார்ஃபரின் குளிசை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல், சொன்ன திகதியில் இரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் வந்தபிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்குப் பாதைக்குக் காத்திருக்கும் சிரமமாவது இல்லை.