ஊருக்கெல்லாம் மணி சொன்ன நார்மன் போக்சன்

போன வருஷம் கல்லூரி விழாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து நாதஸ்வரம், தவில் செட் வந்தது. நாங்கதான் ரெக்கார்டிங். வாசிப்பு அருமை. ஆனா போட்டுக் கேட்டா நடுநடுவே 'டிக்... டிக்'. ராத்திரி பூரா கேபிளை மாத்திப் பார்த்தோம். விடியும்போதுதான் புரிஞ்சது: டிஜிட்டல் மிக்சரும் ரெக்கார்டரும் ஆளுக்கொரு கடிகாரத்தில் ஓடியிருக்கு. இரண்டும் விநாடிக்கு 48,000 சாம்பிள்தான். ஆனா பத்து லட்சத்துக்கு இருபது பங்கு வித்தியாசம் இருந்தாலே, விநாடிக்கு ஒரு சாம்பிள் நழுவிடும். மிக்சரை மாஸ்டராக வைத்து, அதன் வேர்டு கிளாக்கை ரெக்கார்டருக்குக் கொடுத்ததும் சத்தம் போச்சு.

இந்தச் சிக்கலை ரயில் காலத்தில் சந்தித்தவர் நார்மன் போக்சன். 1829-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தவர். நட்சத்திர வெளிச்சத்தில் ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு என்று 1856-ல் கணக்கு வகுத்தவர் இவர்தான். அவர் முப்பது வருஷம் நம்ம சென்னையில் வாழ்ந்தவர் என்பது எனக்கு இப்போதான் தெரியும்!

1861-ல் அரசாங்க வானியலாளராக நுங்கம்பாக்கம் வான்நோக்கு நிலையத்துக்கு வந்தார். நாகப்பட்டினம் – தஞ்சாவூர் ரயில் ஓட ஆரம்பித்ததும் அதே வருஷம்தான். அதுவரை உச்சிவெயில் வந்தால் அந்த ஊருக்கு மணி பன்னிரண்டு. தஞ்சாவூர் சென்னைக்கு மேற்கே இருப்பதால், இங்கே உச்சிவேளை நாலரை நிமிடம் பிந்தி வரும். மாட்டுவண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால்?

அதனால் ஒரு மாஸ்டர் கடிகாரம் தேவைப்பட்டது. நுங்கம்பாக்கத்தில், தெரிந்த நட்சத்திரங்கள் சரியாக வடக்கு-தெற்குக் கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, கடிகாரம் எவ்வளவு தப்பு என்று கணக்கிடுவார்கள். திருத்திய நேரம் தந்திக் கம்பி வழியே போகும். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய இந்த மெட்ராஸ் நேரத்தைத்தான் பின்னாளில் நாடு முழுக்க ரயில்வே எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்து வேர்டு கிளாக் கேபிள் தந்திதான்.

ஆனா போக்சனுக்கு ஆசை வானத்தின் மேலே. வந்த வருஷமே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பேர் வைத்தார். உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். ஆள் எப்போதும் பத்தாது. மகள் ஐசிஸையே 1873-ல் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அளந்து குவித்த நட்சத்திரக் கணக்குகள் அச்சுக்குப் போகத் தாமதமானதால் நிறைய விமர்சனம். இருக்கிற நாலு பேரை வைத்து இரவில் அளந்து, பகலில் கணக்குப் போட்டு, நடுவில் ஊருக்கெல்லாம் மணியும் சொன்ன மனுஷனிடம் இதைக் கேட்பது எனக்கு நியாயமாப் படலை.

1891-ல் பதவியில் இருக்கும்போதே சென்னையில் இறந்தார். சில தொகுதிகளை அவருக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித்தான் வெளியிட்டார். 1906-ல் இந்திய நேரம் வந்தது. மெட்ராஸ் கடிகாரத்தைவிட அது ஏறக்குறைய 9 நிமிடம் முன்னால் இருந்தது.