தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-ல் டாக்டர் ஆனார். 1923-ல் அவர் தங்கை புற்றுநோயால் இறந்தார். டாக்டரா இருந்தும் காப்பாத்த முடியல. அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான், 1954-ல் அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1968-ல் மறைந்தார்.

எல்லாப் புற்றுநோயும் பரம்பரை இல்லை. ஆனால் 1994-ல் கண்டறிந்த பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் பிழை இருந்தால், மார்பகப் புற்றுநோய் ஆபத்து அதிகம். அந்தப் பிழை அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எங்க பாட்டி, பெரியம்மா ரெண்டு பேரும் மார்பகப் புற்றுநோயாலதான் போனாங்க. தீபம் முடியட்டும்னு அம்மா பரிசோதனையைத் தள்ளிப்போட்டாங்க. தீபம் முடிஞ்சிடுச்சு. இந்த சனிக்கிழமை நானே அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்.